நெல்லி பிளையின் பத்து நாட்கள்

நெல்லி பிளை என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கும் வாசகர்களுக்கு அவரைப் பற்றி அநேகமாக ஒரே ஒரு விஷயந்தான் தெரிந்திருக்கும். ஜூல்ஸ் வெர்ன் என்ற பிரெஞ்சு ஆசிரியர் தம் கதாநாயகனை 80 நாட்களில் உலகத்தைச் சுற்றி வரச் செய்தார். ரத்தமும் சதையுமான இந்த அமெரிக்கப் பெண் 72 நாட்களில் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தார். 1889 நவம்பர் 14ஆம் தேதி புறப்பட்டு, 1890 ஜனவரி 25ஆம் தேதி திரும்பினார். துணைக்கு யாரும் இல்லை. கையில் ஒரே ஒரு பை. அந்தப் பையிலே பாதி இடத்தை முகத்துக்குப் பூசும் க்ரீம் ஜாடி ஒன்று அடைத்துக்கொண்டு பாடாய்ப் படுத்தியது என்று அவரே எழுதியிருக்கிறார். ரசமான சேதிதான். ஆனால் அந்த 72 நாட்களைப் பற்றிய புத்தகம் அவருடைய நல்ல புத்தகம் அல்ல என்பது என் அபிப்பிராயம். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1887இல், நியூயார்க்கின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒன்றில் பத்து நாட்கள் அடைபட்டுக் கிடந்துவிட்டு அவர் எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று இருக்கிறது. இலக்கிய ருசியுள்ளவர்கள் அவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது அதற்காகத்தான்.

அதை இலக்கியம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கதை எழுதுகிறவர்களாகிய எங்களுக்குள் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. பிடிக்காத ஒன்றைத் தள்ளிவிட வேண்டுமானால், "அது பத்திரிகை எழுத்து" என்று சொல்லிவிடுவோம். நாங்களே பத்திரிகைகளில் எழுதித்தான் பிழைக்கிறோம் என்பது அந்தச் சமயத்தில் மறந்து போகும். இந்தப் பத்து நாள் புத்தகத்தைப் படித்த பிறகு அந்த வார்த்தையை முன்போலச் சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆசிரியையின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1864இல் பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஒரு மில் சொந்தக்காரருக்கு மகளாகப் பிறந்தவர். எலிஸபெத் காக்ரன் என்பது இயற்பெயர். ஆறு வயதில் தகப்பனார் காலமானார். அவர் உயில் எழுதி வைக்காததால் சொத்து இரண்டு தாரத்துக் குழந்தைகளுக்கும் துண்டு துண்டாகப் பிரிந்து போயிற்று. தாயார் மறுமணம் செய்துகொண்ட மனிதன் குடிகாரன், அடிக்கிறவன். அந்த விவாகரத்து வழக்கிலே பதினாலு வயதுப் பெண் தாய்க்காகச் சாட்சிக் கூண்டில் ஏறினாள். ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்து, பணம் இல்லாததால் ஒரு பருவத்தோடு நிறுத்திக்கொண்டாள். 1885இல் பிட்ஸ்பர்க் பத்திரிகை ஒன்றில், பெண்களுக்கு வீட்டைத் தவிர வேறு இடமில்லை என்ற தோரணையில் ஒருவர் எழுதியதைப் படித்து, பெயர் போடாமல் கோபமாக ஒரு கடிதம் அனுப்பினாள். பத்திரிகாசிரியர் நல்ல ரசிகராக இருக்க வேண்டும். கடிதம் எழுதியவர் யாரென்று விளம்பரம் போட்டுக் கூப்பிட்டு, வேலையும் கொடுத்து, அப்போது பிரபலமாயிருந்த ஒரு பாட்டிலிருந்து புனைபெயரையும் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பாட்டிலுள்ள பெயரைச் சரியாக எழுதத் தெரியாமல் ஓர் எழுத்தை மாற்றிவிட்டார். அந்தப் பிழையோடுதான் பெயர் நிலைத்தது.

பிறகு ஆலைப் பெண்களைப் பற்றிக் கட்டுரைகள், மெக்ஸிகோவில் ஆறு மாத வாசம், அந்த நாட்டுச் சர்வாதிகாரி ஒரு பத்திரிகைக்காரரைச் சிறையில் போட்டதைக் கண்டித்து எழுதிவிட்டு, தாமும் சிறைக்குப் போகாமல் ஊர் திரும்பியது எல்லாம் இருக்கின்றன. அவற்றில் நான் நிற்கப் போவதில்லை. 1887இல் நியூயார்க்குக்கு வந்து, ஜோசப் புலிட்ஸருடைய 'வேர்ல்ட்' பத்திரிகையில் வேலை கேட்டார். அவர்கள் கொடுத்த முதல் வேலை, பைத்தியம் போல நடித்து, பிளாக்வெல் தீவிலிருந்த பெண்கள் ஆஸ்பத்திரிக்குள்ளே புகுந்துவிட வேண்டும் என்பது. எப்படி வெளியே கொண்டுவருவீர்கள் என்று கேட்டால், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற மாதிரி பதில். அவருக்கு வயது 23.

புத்தகத்தின் முற்பகுதி ஹாஸ்யமாகவே போகிறது. கண்ணாடி முன் நின்று கண்ணை அகல விழித்துப் பழகுகிறார். இரவில் பேய்க் கதைகளைப் படிக்கிறார். பெண்கள் விடுதி ஒன்றில் இடம் பிடித்து, படுக்க மாட்டேன் என்று விடிய விடிய உட்கார்ந்திருந்து மற்றவர்களைப் பயமுறுத்துகிறார். போலீஸ், கோர்ட்டு, நகர ஆஸ்பத்திரி என்று கதை நகர்கிறது. இறந்துபோன தம் சகோதரியைப் போலிருக்கிறாளே என்று நீதிபதி இரக்கப்படுகிறார். டாக்டர்கள் நாக்கைப் பார்க்கிறார்கள், நாடியைப் பார்க்கிறார்கள், பைத்தியந்தான் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். போட்டிப் பத்திரிகைகள், யார் இந்த மர்மப் பெண் என்று செய்தி போடுகின்றன. இதுவரைக்கும் புத்தகம் சாமர்த்தியமான பத்திரிகைக்காரி எழுதியது, அவ்வளவுதான்.

தீவுக்குப் படகு ஏறியதும் எழுத்து மாறுகிறது. அந்த மாறுதல் எப்படி நேர்ந்தது என்பதுதான் ஒரு கதாசிரியனாக எனக்கு முக்கியமாகப் படுகிறது. உள்ளே போனதும் அவர் நடிப்பை நிறுத்திவிடுகிறார். சாதாரணமாகப் பேசுகிறார், சாதாரணமாக நடந்துகொள்கிறார். நிதானமாகப் பேசப் பேசப் பைத்தியம் முற்றிவிட்டது என்றே அங்குள்ளவர்கள் எண்ணுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருபதாம் நூற்றாண்டில் எத்தனையோ பேர் தத்துவ நாவல்கள் எழுதிவிட்டார்கள். நெல்லி பிளை அதைத் தத்துவம் ஆக்கவில்லை. ஆச்சரியமாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே போகிறார்.

மேலே என்ன? குளிர், ரொட்டி, தண்ணீர், பெஞ்சு. குளிக்கும் அறையில் ஒருவர் பின் ஒருவராக அதே தண்ணீரில் இறக்குகிறார்கள். பிறகு தலையில் மூன்று வாளி பச்சைத் தண்ணீர் கொட்டுகிறார்கள். கண், காது, மூக்கு எல்லாம் தண்ணீர். முழுகிச் சாகிறவளுடைய தவிப்பு ஒரு கணம். ஈரத்தோடு மாட்டிவிடும் சட்டையின் ஓரத்தில், இது பைத்தியக்கார ஆஸ்பத்திரி உடைமை, பி.ஐ., எச். 6 என்று கறுப்பு எழுத்தில் அச்சு. பிளாக்வெல் தீவு, ஆறாம் கூடம் என்று அர்த்தம். சாப்பாட்டில் உப்பு கிடையாது. வெண்ணெய் நாறுகிறது. காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரையில் முதுகு நேரான பெஞ்சில் பேசாமல், அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். படிக்க ஒன்றுமில்லை. நல்ல புத்தியுள்ள ஒருத்தியை இரண்டு மாதம் இப்படி வைத்திருந்தால் அவளும் சரியாக இருக்க மாட்டாள் என்கிறார். அதை ஒரு வாதமாகச் சொல்வதற்கு முன்னால் பெஞ்சின் கடினத்தை நம் முதுகில் ஏற்றிவிடுகிறார். வாதம் பிறகு தானாகவே நிற்கிறது.

அடைபட்டிருக்கும்போது அவர் கண்ணில் படுவதெல்லாம் பொருளுள்ளவையாகி விடுகின்றன. இரவில் தூக்கம் வராமல் கணக்குப் போடுகிறார். கட்டிடத்தில் சுமார் 300 பெண்கள், ஒவ்வொரு அறைக்கும் தனிப் பூட்டு, ஜன்னல்களில் கம்பி. தீப்பிடித்தால் ஒவ்வொரு கதவாகத் திறக்க யார் நிற்பார்கள்? மறுநாள் டாக்டரிடம் கேட்கிறார். என்ன செய்யச் சொல்கிறாய் என்கிறார் டாக்டர். கூடத்தின் கோடியில் ஒரு பிடியைச் சுழற்றினால் ஒரு பக்கத்துக் கதவுகள் எல்லாம் ஒரே சமயத்தில் திறக்கும்படி பூட்டுகள் இருக்கின்றனவே என்கிறார் இவர். டாக்டருடைய முகம் மாறுகிறது. இதற்கு முன் எந்த இடத்தில் அடைபட்டிருந்தாய், அம்மாதிரிப் பூட்டை எங்கே பார்த்தாய் என்று விசாரிக்கிறார். பிட்ஸ்பர்க்கில் புதிதாகக் கட்டிய சிறைச்சாலையில் நிருபராகப் போனபோது பார்த்தது. அதை வெளியே சொல்ல முடியாது. அந்தச் சின்னச் சம்பாஷணையை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நல்ல யோசனை சொன்னவள் சிறைக்குப் போய் வந்தவளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிற டாக்டர் கெட்டவரல்ல. தீவிலிருந்த டாக்டர்களுக்குள்ளே நல்லவர் என்று ஆசிரியையே சொல்கிறார். ஒரு நாவலில் இப்படி ஒரு இடத்தை எழுதினவன் அதைப் பற்றிப் பத்து வருஷம் பெருமையடித்துக்கொள்வான்.

கூட இருந்த பெண்களில் இரண்டு பேர் மறக்க முடியாதவர்கள். ஒருத்தி லூயிஸ் ஷான்ஸ் என்ற ஜெர்மன் பெண். அவளுக்கு இங்கிலீஷ் வராது. பரிசோதிக்கும் டாக்டருக்கு ஜெர்மன் வராது. நர்ஸ் ஜெர்மன் வம்சத்தவள்தான். ஆனால் இரண்டு வார்த்தைக்கு மேல் தெரியாது. அவள் பேசியது யாருக்கும் புரியவில்லை, உள்ளே தள்ளிவிட்டார்கள். கொலைகாரனுக்குக்கூட மொழிபெயர்ப்பவன் கிடைப்பானே என்பது நெல்லி பிளையின் ஆத்திரம். மற்றவள் டில்லி மேயார்ட். நோயில் விழுந்து எழுந்த இளம் பெண். உடம்பு தேறுவதற்காக ஏதோ சுகவாச ஸ்தலத்துக்கு அனுப்புகிறார்கள் என்று நம்பி வந்தவள். தான் வந்திருக்கும் இடம் இன்னதென்று அவள் தெரிந்துகொள்ளும் கட்டமும், குளிரில் நாளுக்கு நாள் அவள் நிலை குலைவதும் ஐந்தாறு இடங்களில் வரிவரியாகச் சிதறிக் கிடக்கின்றன. எந்த இடத்திலும் ஆசிரியை நின்று புலம்பவில்லை. அவள் வாசலுக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள், நடுங்கினாள், மயக்கம் போட்டாள் என்று மட்டுந்தான் சொல்கிறார்.

குறை இல்லாமலில்லை. நெல்லி பிளையின் அனுதாபம் எல்லாம் தவறுதலாக உள்ளே அடைபட்ட நல்ல புத்திக்காரிகள் மேல்தான் அதிகம். உண்மையிலேயே புத்தி பேதலித்தவர்கள் தூரத்து உருவங்களாகவே நிற்கிறார்கள். தோட்டத்தில் நடக்கும்போது ஒரு காட்சி வருகிறது: நீளமான வடக்கயிறு, அதில் கோத்த தோல் பட்டைகள், அந்தப் பட்டைகளில் இடுப்பைப் பூட்டிய 52 பெண்கள், கயிற்றின் கோடியில் கனமான இரும்பு வண்டி. சிலர் கத்துகிறார்கள், சிலர் பாடுகிறார்கள், சிலர் பிரார்த்தனை செய்கிறார்கள். படித்தவர்கள் மறக்க முடியாத பக்கம். ஆனால் அந்த 52 பேரில் ஒருத்திக்காவது ஒரு பெயர் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. கயிற்றை எண்ணியவர், பெண்களை எண்ணியவர், அவர்களில் ஒருத்தியின் பக்கத்தில் போய் நிற்கவில்லை. விட மாட்டார்கள் என்பது வாஸ்தவம். ஆனாலும் அந்தத் தூரம் புத்தகம் முழுவதும் இருக்கிறது. தாம் பத்திரிகை அனுப்பும் வக்கீலோடு வெளியே போய்விடக் கூடியவர் என்பதும் அவருக்குத் தெரியும். சந்தோஷமும் வருத்தமுமாக வெளியேறினேன், அவர்களில் சிலரையாவது கூட்டிக்கொண்டு வர முடியவில்லையே என்று ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதலுக்காக அவரை நான் நம்புகிறேன்.

இனி உலகப் பயணம். யோசனை அவருடையது. பத்திரிகை நிர்வாகியோ, பெண் என்றால் துணை வேண்டும், நிறையச் சாமான் வேண்டும், இதை ஆண்பிள்ளைதான் செய்ய முடியும் என்றார். நல்லது, ஆண்பிள்ளையை அனுப்புங்கள், அதே நாளில் நான் வேறொரு பத்திரிகைக்காகப் புறப்பட்டு அவனை முந்துகிறேன் என்றார் இவர். கெட்டிக்காரத்தனமான பதில். துரதிர்ஷ்டவசமாகப் புத்தகத்தின் பெரும் பகுதி இந்தக் கெட்டிக்காரத்தனத்தோடு நின்றுவிடுகிறது. கப்பல், ரயில், மறுபடியும் கப்பல். பார்த்ததைவிட நேரத்தையே அதிகம் பார்க்கிறார். எதிர்த் திசையில் இன்னொரு பத்திரிகைக்காக எலிஸபெத் பிஸ்லாண்ட் என்ற பெண்ணும் சுற்றிக்கொண்டிருந்தார். இவருக்கு அது ஹாங்காங் வந்த பிறகுதான் தெரிந்தது. பிஸ்லாண்ட் 76 நாளில் வந்து தோற்றார்; ஆனால் அவர் எழுதிய புத்தகத்தில் நிறமும் வெளிச்சமும் அதிகம். வாக்கியத்துக்கு வாக்கியம் பார்த்தால் பிஸ்லாண்டே நல்ல எழுத்தாளர் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் நெல்லி பிளையின் பயணப் புத்தகத்திலும் நல்ல பக்கங்கள் இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அவரை எது தடுத்து நிறுத்தியதோ அங்கேதான்! கொழும்பில், எதிர்பார்த்த கப்பல் ஒன்று வந்து சேராததால் ஐந்து நாள் தங்க வேண்டியதாயிற்று. கோபம் தாங்கவில்லை, அந்தக் கப்பல் வந்து சேர்ந்ததும் கடலடிக்கே போகட்டும் என்று சபிக்கிறார். அந்த ஐந்து நாளில்தான் அவருக்குக் கண் திறக்கிறது. ஹோட்டல் தாழ்வாரத்தில் மாணிக்கமும் நீலமும் விரித்து வைக்கும் கல் வியாபாரிகள், கொண்டையில் ஆமையோட்டுச் சீப்புச் செருகிய சிங்கள ஆண்கள், பாம்பாட்டி, கறியும் சோறும், கூடவே பம்பாய் வாத்து என்ற பெயரில் வைத்த கருவாட்டின் நாற்றம் எல்லாம் வருகின்றன. கண்டி நகரம், ஊரார் புகழ்ந்த அளவுக்கு இல்லை என்று பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிறார். பேராதனைத் தோட்டம் பிடித்துவிடுகிறது. நம்மவர்களைப் பற்றிய அவருடைய பார்வை அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வைதான். அதை மறைத்துப் பயனில்லை. ஆனாலும் போர்ட் செயித் துறைமுகத்தில் பிச்சைக்காரர்களை விரட்டுவதற்காக மற்றப் பிரயாணிகள் எல்லாம் கைத்தடி எடுத்துக்கொண்டு இறங்கியபோது, தடியெடுக்க மறுத்தவரும் இவரே.

சிங்கப்பூரில் ஒரு இந்துக் கோவில் வாசலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கூட வந்த ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். பெண் போகக் கூடாது. ஏன் என்று கேட்கிறார். அமெரிக்காவில் ஹோட்டலுக்குப் பக்க வாசல் வழியாகத்தான் போக வேண்டும், இங்கே கோவிலுக்கே போகக் கூடாதா என்று மனசுக்குள் பொருமல். கோவிலைச் சேர்ந்தவர் தலையை ஆட்டி, தமக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், தாய் கூடாது என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். நான் யாருக்கும் தாய் இல்லை என்று இவர் ஆத்திரமாகக் கத்த, கூட வந்தவர்கள் சிரிக்கிறார்கள். தமிழ் வாசகனுக்கு இந்த இடத்தில் இன்னொரு சிரிப்பும் வரும். "அம்மா" என்ற நம் மரியாதைச் சொல்லை அந்த மனிதர் அப்படியே இங்கிலீஷாக்கி விட்டார் என்று எண்ண எனக்கு ஆசை. நூற்று முப்பது வருஷமாக அமெரிக்கர்கள் இந்த ஹாஸ்யத்தில் பாதியைத்தான் ரசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பயணத்தின் ஆரம்பத்தில், பிரான்ஸில் ஆமியான் என்ற ஊரில் இறங்கி வெர்னையே பார்த்துவிட்டுப் போகிறார். அதற்காக இரண்டு இரவு தூக்கத்தை விட்டார். கிழவர் தம் எழுத்து அறையைக் காட்டுகிறார். சின்ன அறை, சாதாரண மேஜை, அதன் மேல் எழுதிக்கொண்டிருந்த கைப்பிரதி. அதிலே அடித்தல்கள் துப்புரவாக இருக்கின்றன, இடைச்செருகல் காணோம். வேண்டாததை எடுத்துத்தான் இவர் எழுத்தைச் சீர்ப்படுத்துகிறார், சேர்த்து அல்ல என்று ஊகிக்கிறார் நெல்லி பிளை. ஒரு நாவலாசிரியருடைய மேஜையைச் சில நிமிஷம் பார்த்த நிருபர் இதைக் கண்டுகொண்டார் என்றால் அவருடைய கண் சாமானியமல்ல.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் ஏன் நல்ல நாவல் எழுதவில்லை? எழுத ஆசைப்படாமல் இல்லை. பயணம் கிளம்பிய அதே 1889இல் நியூயார்க்கின் பெரிய பூங்காவை வைத்து ஒரு மர்ம நாவல் வெளியிட்டார். பூங்கா பெஞ்சில் ஒரு அழகிய இளம் பெண் பிணமாக உட்கார்ந்திருக்கிறாள். இந்த மர்மத்தைக் கண்டுபிடித்தால் உனக்கு மாலையிடுகிறேன் என்கிறாள் ஒரு செல்வச் சீமாட்டி, தன் காதலனிடம். யாரும் பாராட்டவில்லை. பிறகு ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதைகளாக எழுதித் தள்ளினார். அவை காணாமற்போய், 2021இல்தான் திரும்பக் கிடைத்துப் புத்தகங்களாக வந்தன. பதினொன்று. கிடைத்தது சந்தோஷமான விஷயம். ஆனால் தற்செயல்களும், மயங்கி விழும் அழகிகளும், கடைசி நிமிஷத்தில் வெளிப்படும் ரகசியங்களுமாக அடுக்கிய அந்தக் கதைகளால் அவருடைய புகழ் உயரப் போவதில்லை.

காரணம் எனக்குத் தோன்றுவது இதுதான். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அவருக்குக் குளிர்ந்தது. பசித்தது. பெஞ்சு முதுகைக் குத்தியது. தொடர்கதையில் பெண்கள் குளிரிலே நடுங்குகிறார்கள் என்று எழுதும்போது ஆசிரியைக்குக் குளிரவில்லை. கற்பனை என்றால் அனுபவத்திலிருந்து விடுதலை என்று அவர் நினைத்துவிட்டார். நினைத்ததெல்லாம் நடக்கலாம் என்றானதும், எதுவும் முக்கியமில்லாமல் போய்விட்டது. தீவில் உப்பு இல்லாததைக் கவனித்தவர், நாவலில் தம் கதாபாத்திரங்கள் என்ன சாப்பிட்டார்கள் என்றே கவனிக்கவில்லை. நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளிலும் இதைப் பார்க்கலாம். நான் எழுதியவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிற்கால வாழ்க்கை ஒரு தனி நாவலுக்கு ஆகும். 1895இல் தம்மைவிட நாற்பது வயது மூத்த கோடீஸ்வரர் ஒருவரை மணந்தார். அவருக்குப் பின் இரும்புச் சாமான் தொழிற்சாலையை நடத்தி, சிப்பந்திகளின் மோசடியால் திவாலானார். முதல் உலக யுத்தத்தில் ஆஸ்திரியப் போர்முனையிலிருந்து செய்தி அனுப்பினார். மறுபடியும் நியூயார்க்கில் பத்திரிகை வேலை பார்த்து, 1922 ஜனவரி 27ஆம் தேதி நிமோனியாவில் இறந்தார். 57 வயது. கல்லறைக்கு ஒரு கல் நடுவதற்கு 1978 வரையில் யாருக்கும் தோன்றவில்லை.

பத்து நாள் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கட்டுரைகள் வந்து ஊர் கொந்தளித்த பிறகு, விசாரணைக்கென்று ஜூரிகள் தீவுக்குப் புறப்படுகிறார்கள். நெல்லி பிளையும் கூடப் போகிறார். போய்ப் பார்த்தால் எல்லாம் சுத்தம். ரொட்டி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. சமையலறை வாசலருகே, கண்ணில் படும்படியாக, இரண்டு பீப்பாய் உப்பு! கூட இருந்த பெண்களைத் தேடுகிறார். ஒருத்தி வந்து நடந்ததையெல்லாம் நிதானமாகச் சாட்சி சொல்கிறாள். மற்றவர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம் என்கிறார்கள். சிலர் எங்கே என்றே தெரியவில்லை. கண்ணால் பார்த்த எதுவும் தம் எழுத்துக்கு ஆதாரமாக இல்லாத நிலையிலும் ஜூரிகள் தம்மை நம்பினார்கள் என்று எழுதுகிறார். பிறகு கடைசி வாக்கியம். இந்தக் கதையின் பலத்தால் மனநோயாளிகளின் பராமரிப்புக்காக முன் எப்போதும் கொடுத்ததைவிட 10 லட்சம் டாலர் அதிகமாக ஒதுக்குகிறார்கள், அது ஒன்றுதான் ஆறுதல் என்கிறார். டில்லி மேயார்டைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தை இல்லை. தொகையை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்.